பிரைவேட் ஐ: சந்தா கட்டலாமா, கட்டினால் எங்கிருந்து படிப்பது?

முதலில் கைக்கு வருவது என்ன என்று பார்த்துவிடலாம். ஐம்பது பக்கத்துக்குள் அடங்கும் பிரிட்டிஷ் அரசியல் கேலி இதழ். மலிவான தாள், பொடி எழுத்து, நெருக்கி அடித்த பத்திகள், இடுக்குக் கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு கேலிச்சித்திரம். அட்டையில் யாராவது பெரிய மனிதரின் புகைப்படம், வாயோரம் ஒரு பேச்சுக் குமிழி. அலங்காரம் அவ்வளவுதான். 1961 அக்டோபர் 25-இல் முதல் இதழ் வந்தபோது அச்சானது மஞ்சள் தாளில். (நம்மூரில் ‘மஞ்சள் பத்திரிகை’ என்றால் 1940-களின் ‘இந்துநேசன்’ நினைவுக்கு வரும். இது அந்த ரகம் இல்லை.) தட்டச்சு செய்து, வெட்டி ஒட்டி, ஆஃப்செட்டில் மலிவாக அடித்த அந்தப் பள்ளிக்கூடக் கையெழுத்துப் பத்திரிகைத் தோற்றம் இன்றும் முழுசாகப் போகவில்லை. போக விடமாட்டார்கள் என்றும் தோன்றுகிறது.

லண்டன் சோஹோவிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் இந்த ‘பிரைவேட் ஐ’, பிரிட்டனின் நடப்பு அரசியல் இதழ்களில் அதிகம் விற்பது. விற்பனை இரண்டு லட்சம் பிரதிக்கு மேல். அறுபது ஆண்டைத் தாண்டிய பிறகும் இதுவரை மூன்றே ஆசிரியர்கள்: கிறிஸ்டோஃபர் புக்கர், 1963-இலிருந்து ரிச்சர்ட் இங்க்ரம்ஸ், 1986-இலிருந்து இயன் ஹிஸ்லொப். இதழின் சரக்கு இணையத்தில் அநேகமாகக் கிடைக்காது. காசு கொடுத்துத் தாளாக வாங்கித்தான் படிக்க வேண்டும்.

சிரிப்பதற்கு மட்டும் என்று வாங்குகிறவருக்கு இது நஷ்டக் கணக்காகவே முடியும். பாதி நகைச்சுவை உள்வட்டத்துக்கானது, மீதியில் பாதி பழசு. காசுக்குப் பெறுமானம் வேறிடத்தில் இருக்கிறது. ஓர் அமைச்சரையோ ஒரு நிறுவனத்தையோ பற்றி எதை நேராகச் சொல்லலாம், எதை வளைத்துச் சொல்லலாம், எதை ஆதாரம் வரும்வரை வாயில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கணக்கைப் பக்கத்துக்குப் பக்கம் இங்கே பார்க்கலாம். தமிழில் அரசியல் எழுதுகிறவர்களும் அதைப் படிக்கிறவர்களும் இந்த இதழைப் புரட்ட அதுதான் காரணம்.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைதால் செம்பொருள் அங்கதம். சொல்லை மறைத்து வைதால் பழிகரப்பு. பிரைவேட் ஐ-யின் பக்கங்களை இந்த இரண்டு பெட்டிகளில் போட்டுக்கொண்டால் படிப்பது பாதி சுலபமாகிவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். எது செய்தி, எது கேலி என்று இதழ் எங்கும் பலகை மாட்டி வைப்பதில்லை. ஆனால் இடத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

முன்பக்கங்கள் செய்தி. ‘ஸ்ட்ரீட் ஆஃப் ஷேம்’ பத்திரிகை உலகத்தின் வண்டவாளம், ஒரு காலத்தில் லண்டன் நாளிதழ் அலுவலகங்கள் நிறைந்திருந்த ஃபிளீட் தெருவை வைத்துக் கட்டிய பெயர். ‘எச்.பி. சாஸ்’ நாடாளுமன்றம், அந்தக் கட்டடத்தின் படம் போட்ட புட்டியில் விற்கும் சாஸின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ‘ராட்டன் பரோஸ்’ உள்ளாட்சி ஊழல்; 1832-க்கு முன் ஒரு கை விரல் எண்ணிக்கை வாக்காளர்களை வைத்துக்கொண்டே உறுப்பினரை அனுப்பிய உளுத்த தொகுதிகளின் பழைய பெயர் அது. ரயில்வே பத்தியை எழுதுபவர் பெயர் ‘டாக்டர் பி. ச்சிங்’ (Ching). சீனர் யாரும் இல்லை. 1963-இல் ஆயிரக்கணக்கான மைல் ரயில்பாதையை மூடச் சொன்ன பீச்சிங் அறிக்கையைச் சத்தமாகப் படித்தால் தெரிந்துவிடும். நடுப்பக்கங்கள் முழுக்கக் கற்பனை: போலிச் செய்தி, போலி நாட்குறிப்பு, போலி விளம்பரம். கடைசியில் ‘இன் த சிட்டி’, ‘இன் த பேக்’ என்று மறுபடியும் செய்தி, அதுவும் கனமானது.

ஆகவே கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். ‘இன் த பேக்’ பகுதியில் சிரிப்பு கிட்டத்தட்டக் கிடையாது. ஒப்பந்தத் தொகை, கம்பெனிப் பதிவேடு, கூட்டக் குறிப்பு, யார் எந்தத் தேதியில் எங்கே கையெழுத்துப் போட்டார் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அடைமொழி அபூர்வம். ‘அதிர்ச்சியூட்டும்’, ‘பகீர்’ எதுவும் வராது. கட்டுரையாளர் பெயரும் இருக்காது. இதழின் புலனாய்வு நிருபர் பால் ஃபுட் வளர்த்த பாணி இது. கட்டட வடிவமைப்பாளர் ஜான் போல்சன் லஞ்சம் கொடுத்து அரசு வேலைகளைப் பிடித்த கதையை 1970-இலேயே அவர் இங்கே எழுதத் தொடங்கினார். 1972-இல், போல்சனோடு தொழில் தொடர்பு வைத்திருந்த உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் பதவி விலக வேண்டியதாயிற்று. பிரிஸ்டல் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்குப் போன குழந்தைகள் அளவுக்கு மீறி இறப்பதை ‘எம்.டி.’ என்ற பெயரில் எழுதும் மருத்துவர் ஃபில் ஹேமண்ட் 1992-இல் இதே இதழில் எழுதினார். அரசின் விசாரணை அறிக்கை வந்தது 2001-இல்.

தபால் நிலைய விவகாரத்துக்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டும். அரசியல் மொழி என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் சமீபத்தில் இல்லை. பிரிட்டனில் துணைத் தபால் நிலையங்களை நடத்துகிறவர்கள் பலர் பெட்டிக்கடை மாதிரிச் சிறு கடைக்காரர்கள், தெற்காசிய வழியினர் நிறைய. ஃபுஜிட்சு தந்த ‘ஹொரைசன்’ கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. தபால் துறை பணத்தைக் கட்டச் சொன்னது, வழக்குப் போட்டது. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கு மேற்பட்டவர்கள் தண்டனை பெற்றார்கள். ‘கம்ப்யூட்டர் வீக்லி’ 2009-இல் எழுதியது. பிரைவேட் ஐ 2011-இலிருந்து விடாமல் எழுதியது, 2020-இல் தனிச் சிறப்பறிக்கையே போட்டது. தொலைக்காட்சித் தொடர் ஒன்று வந்து நாடே கொதித்தது 2024 ஜனவரியில். ஒட்டுமொத்தமாகத் தண்டனைகளை ரத்து செய்யும் சட்டம் அந்த ஆண்டு மே மாதம் வந்தது.

இத்தனை ஆண்டும் தபால் துறை பிடித்துத் தொங்கியது ஒரு சொல்லை: ‘ரோபஸ்ட்’. ஹொரைசன் உறுதியானது, திடமானது. கேட்டவர்களுக்கெல்லாம் இதே பதில். 2024 மே மாதம் விசாரணை ஆணையத்தின் முன் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி பவுலா வென்னல்ஸின் 2013-ஆம் ஆண்டு மின்னஞ்சல் ஒன்று வந்தது. கணினிப் ‘பக்’, ‘டிஃபெக்ட்’ போன்ற சொற்களுக்குப் பதிலாக உணர்ச்சியைக் கிளப்பாத சொல் ஏதாவது உண்டா என்று கணவரைக் கேட்டிருக்கிறார். அவர் சொன்னது ‘எக்ஸெப்ஷன்’ அல்லது ‘அனாமலி’. பிழை என்றால் யாரோ ஒருவர் திருத்த வேண்டும், அதுவரை வழக்கை நிறுத்த வேண்டும். விதிவிலக்கு என்றால், விதி சரியாகத்தான் இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. ஒற்றைச் சொல் மாற்றம், பொறுப்பு இடம் மாறிவிட்டது. கட்டண உயர்வு ‘கட்டண மாற்றியமைப்பு’ ஆகும்போது நம்மிடமும் நடப்பது இதுவே.

பிரைவேட் ஐ இந்த வகைச் சொற்களுக்கென்றே பத்தி வைத்திருந்த இதழ். 1992-இலிருந்து 2000 வரை பி.பி.சி. தலைவராக இருந்த ஜான் பர்ட்டின் நிர்வாக மொழியைக் கிண்டல் செய்ய ‘பர்ட்ஸ்பீக்’. எதை விற்றாலும் ‘சொல்யூஷன்ஸ்’ என்று பெயர் வைக்கும் நிறுவனங்களைப் பிடிக்க ‘சொல்யூஷன்ஸ்’ என்றே ஒரு பத்தி. அட்டைப் பெட்டிகூட அங்கே ‘பொருள் வைப்புத் தீர்வு’ ஆகிவிடும். ‘சூட்ஸ் கார்னர்’ 1968-இலிருந்து வருகிறது, மேதாவித்தனமாகப் பேசியதை அப்படியே எடுத்துப் போடும். இந்தப் பத்திகளில் ஆசிரியர் குறிப்பு ஒரு வரிகூட இருக்காது. மேற்கோள், சொன்னவர் பெயர், எங்கே சொன்னது. முடிந்தது. கீழே ‘என்ன கொடுமை இது’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் வேடிக்கை செத்திருக்கும். தமிழ் மீம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. மேற்கோளே சிரிப்பாக இருந்தால் வடிவேலுவைக் கூப்பிடத் தேவையில்லை.

குழூஉக்குறிகள்

இனி பழிகரப்பு. இதழின் புகழில் பெரும்பங்கு இந்தக் குறிச்சொற்களுக்கு. மிகப் பிரபலமானது ‘டயர்டு அண்ட் எமோஷனல்’, அதாவது களைத்து உணர்ச்சிவசப்பட்டிருந்தார். பொருள்: குடித்திருந்தார். 1960-களின் தொழிற்கட்சித் துணைத் தலைவர், வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் பிரவுனுக்காகப் பிறந்தது. 1967-இல் வெளியான போலிக் குறிப்பொன்றில் ‘களைப்பு’, ‘உணர்ச்சிவசம்’, ‘அதிக வேலை’ போன்ற சொற்களை அயல்மொழிகளில் எப்படிச் சொல்வது என்று தூதரகங்களுக்குப் பாடம் எடுப்பதுபோல எழுதியிருந்தார்கள். அடுத்தது ‘உகாண்டா விவாதம்’. 1973-இல் ஒரு விருந்தில் மாடியறையில் அகப்பட்ட ஜோடி, உகாண்டா நிலவரம் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னதாக வந்த துணுக்கிலிருந்து, கள்ளத் தொடர்புக்கெல்லாம் அதுவே பெயராயிற்று.

இந்தக் குறிச்சொற்கள் சட்டத்திலிருந்து காப்பாற்றும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காப்பாற்றாது. ஆங்கிலேய அவதூறுச் சட்டத்தில் நீதிமன்றம் பார்ப்பது, சராசரி வாசகர் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் கொள்வார் என்பதை. களைப்பு என்றால் குடி என்று ஊரே அறிந்த பிறகு, களைப்பு என்று எழுதுவதும் குடி என்று எழுதுவதும் ஒன்றே. ஒரு சிலருக்கு மட்டும் புரியும் மறைபொருளுக்கும் வழக்கு உண்டு. ஆக, குறிச்சொல்லின் வேலை வாசகரைக் கூட்டாளி ஆக்குவது, அவ்வளவே. நம் கிசுகிசுப் பத்தியின் ‘மூன்றெழுத்து நடிகர்’ கதையும் இதுவே. ஊருக்கெல்லாம் தெரிந்தால் வக்கீலுக்கும் தெரியும்.

‘என்று கூறப்படுகிறது’ போட்டால் தப்பிக்கலாம் என்பது இரண்டாவது மூடநம்பிக்கை. ஆங்கிலத்தில் ‘அலெஜெட்லி’. ஒரு வதந்தியை வதந்தி என்றே சொல்லி அச்சிட்டாலும், அதை நீங்களே சொன்னதாக எடுத்துக்கொள்வதே அங்கே விதி. திரும்பச் சொன்னவரும் சொன்னவரே. பிரைவேட் ஐ-யின் செய்திப் பக்கங்களைக் கூர்ந்து படித்தால் தெரியும்: ‘கூறப்படுகிறது’ இருக்கும் இடம் கேலிப் பக்கம். செய்திப் பக்கத்தில் ‘இன்ன ஆவணம் சொல்கிறது’, ‘இன்ன கேள்விக்கு இன்னார் பதில் தரவில்லை’. நம் நாளிதழ்களில் வருமான வரிச் சோதனை நடந்தால் ‘பிரபல ஜவுளிக்கடை’ என்று பெயரை விழுங்கிவிட்டு, கூடவே ‘கூறப்படுகிறது’ என்று நாலு தடவை எழுதுவார்களே, அதைத் தலைகீழாகத் திருப்பியது மாதிரி. அங்கே பெயர் இருக்கும், ‘கூறப்படுகிறது’ இருக்காது.

நாடாளுமன்றத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் குறிச்சொல் விளையாட்டின் வேர் புரியும். காமன்ஸ் அவையில் சக உறுப்பினரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது. 2021 ஜூலையில் தொழிற்கட்சி உறுப்பினர் டான் பட்லர், பிரதமர் போரிஸ் ஜான்சன் திரும்பத் திரும்பப் பொய் சொல்கிறார் என்றார். திரும்பப் பெற மறுத்தார். அன்றைக்கு அவையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டது பொய் என்று சொன்னவர். எனவே மாற்றுச் சொற்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. 1906-இல் சர்ச்சில் சொன்ன ‘சொல்லாட்சித் துல்லியமின்மை’ ஒன்று. 1986-இல் சிட்னி நீதிமன்றத்தில் பிரிட்டனின் அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் உதிர்த்த ‘உண்மை பேசுவதில் சிக்கனம்’ இன்னொன்று. மேலே இருப்பவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் செய்யும் மழுப்பலை அப்படியே திருப்பி அவர்கள்மீதே பூசுவதுதான் ‘களைப்பு, உணர்ச்சிவசம்’. கருவி ஒன்று, பிடித்திருக்கும் கை வேறு.

பிரதமர்களின் போலிக் கடிதங்கள்

நடுப்பக்கத்தில் தவறவிடக் கூடாதது, பதவியில் இருக்கும் பிரதமருக்கென்று ஓடும் தொடர். ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டகம் தேர்ந்தெடுப்பார்கள், அந்தத் தேர்வே பாதி விமர்சனம். ஹெரால்ட் வில்சனுக்கு அவர் மனைவியின் நாட்குறிப்பு. தாட்சருக்கு அவர் கணவர் டெனிஸ் தன் நண்பருக்கு எழுதும் கடிதங்கள். ஜான் மேஜருக்குப் பதின்வயதுப் பையனின் நாட்குறிப்பு. டோனி பிளேருக்குச் ‘செயின்ட் ஆல்பியன்’ என்ற ஊர்த் தேவாலயத்தின் மாதச் செய்திமடல். பிளேர்தான் கிட்டார் வாசிக்கும் ரகப் பாதிரியார். கார்டன் பிரவுனுக்கு ஸ்டாலின் காலத்து அரசாணை. கேமரன்-கிளெக் கூட்டணிக்கு ஒரு பள்ளித் தலைமை ஆசிரியரின் சுற்றறிக்கை.

இதன் செய்முறை பார்க்கத் தகுந்தது. தலைவர் செய்ததை நாலு மடங்கு ஊதிப் பெருக்குவது கிடையாது. அவர் பேசும் தொனி எந்தத் தொழில்காரரின் தொனி என்று காது கொடுத்துக் கேட்டு, அந்தத் தொழிலுக்கே அவரை அனுப்பிவிடுவார்கள். பிளேர் நிஜமாகவே பிரசங்கம் செய்கிறவர்போலத்தான் பேசினார்: வினையில்லாத வாக்கியங்கள், மனம் விட்டுப் பேசுகிறேன் என்ற நெருக்கம், ‘நான் நம்புகிறேன்’ என்று முடியும் தர்க்கம். பாதிரியார் அங்கியை மாட்டினதும் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவ்வையார் தொண்டைமானிடம் தூது போனபோது செய்ததும் இதற்குப் பக்கத்து வேலை. உன் ஆயுதங்கள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிப் பளபளக்கின்றன; அதியமானுடையவோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். ஒரு வசைச்சொல் இல்லை. தொண்டைமானின் பெருமையை அவன் கண் முன்னேயே வரிசையாக எடுத்து வைத்ததுதான்.

சட்டகம் பொருந்தாவிட்டால் தொடர் படுத்துவிடும். சில பிரதமர்கள் காலத்தில் அப்படித்தான் ஆனது. பேச்சில் தனித்தன்மையே இல்லாத தலைவருக்குப் பொருத்தமான தொழில் எதுவும் அமையாது. ஏதோ ஒன்றை மாட்டிவிட்டு, அந்த இரண்டு வாரத்துச் செய்தியை அதில் திணிப்பார்கள். அந்த இதழ்களில் நடுப்பக்கத்தைத் தாண்டிவிடலாம்.

கவனம் தப்பியபோது

இங்கிலாந்தில் அவதூறு வழக்கில் உண்மை என்று நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில். புகார் கொடுத்தவர் பொய் என்று நிரூபிக்கத் தேவையில்லை. இந்த ஒரு விதி எத்தனை இதழ்களை மூடியிருக்கும் என்பது தனிக்கதை. பிரைவேட் ஐ பலமுறை விளிம்புவரை போய் வந்திருக்கிறது.

1976-இல் தொழிலதிபர் ஜேம்ஸ் கோல்ட்ஸ்மித் அறுபதுக்கு மேற்பட்ட வழக்கு ஆணைகளை ஏவினார். இதழோடு நிற்கவில்லை, விநியோகஸ்தர்கள்மீதும் பாய்ந்தார். இதழை எழுதுகிறவரை விட விற்கிறவர் சீக்கிரம் பயந்துவிடுவார், அது அவருக்குத் தெரிந்திருந்தது. வாசகர்கள் நன்கொடை அனுப்பித்தான் தாக்குப்பிடித்தது. 1986-இல் ராபர்ட் மேக்ஸ்வெல் 55,000 பவுண்டு வாங்கினார். பிரபுப் பட்டம் எதிர்பார்த்துத் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் பயணங்களுக்குப் பணம் கொடுத்தார் என்று எழுதியதை இதழால் நிரூபிக்க முடியவில்லை. 1991 நவம்பரில் மேக்ஸ்வெல் கடலில் இறந்த பிறகு, ‘மிரர்’ குழும ஊழியர்களின் ஓய்வூதிய நிதியைக் கோடிக்கணக்கில் சுருட்டியிருந்தது வெளிவந்தது. ஆளைப் பற்றிய சந்தேகம் சரி, அச்சிட்ட குற்றச்சாட்டுக்குத்தான் சாட்சி இல்லை. நீதிமன்றத்தில் அளக்கப்படுவது பின்னது.

1989 இன்னும் மோசம். தொடர்கொலைகாரன் பீட்டர் சட்கிளிஃபின் மனைவி, நாளிதழ் ஒன்றிடம் தன் கதையை விற்கப் பேரம் பேசினார் என்று எழுதியதற்கு நடுவர்குழு விதித்தது 6,00,000 பவுண்டு, அன்றைக்கு அதுவே உச்சம். இது நீதி என்றால் நான் ஒரு வாழைப்பழம் என்று நீதிமன்ற வாசலில் ஹிஸ்லொப் சொன்னது அப்போதுதான். மேல்முறையீட்டில் அந்தத் தொகை ரத்தாகி, கடைசியில் 60,000-இல் முடிந்தது. வாழைப்பழ வாக்கியம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆதாரம் கையில் இல்லாமல் ஒரு திட்டவட்டமான செயலை ஒருவர்மேல் ஏற்றியதுதான் தவறு என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

ஆதாரம் இருந்தபோது அவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதற்கு 1971-இன் ‘ஆர்க்கெல் எதிர் பிரஸ்டிராம்’ போதும் (பிரஸ்டிராம் என்பது இதழை வெளியிடும் நிறுவனம்). வழக்காகவே போகாத வழக்கு. ‘எங்கள் கட்சிக்காரர் நஷ்டஈடு குறித்து எடுக்கும் நிலை உங்கள் பதிலின் தன்மையைப் பொறுத்தது’ என்று வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது. எங்கள் பதில் இன்னது என்று தெரிந்தால் உங்கள் கட்சிக்காரரின் நிலை என்னவாக இருக்கும் என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம் என்று அதே அலுவலக நடையில் தொடங்கி, அந்த ‘இன்னது’ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே சொல்லில் அச்சிடக் கூசும் ஒரு வசை. முன்பாதி பழிகரப்பு, கடைசி இரண்டு சொல் செம்பொருள். இன்றைக்கும் வீம்பான நோட்டீஸுக்கு ‘ஆர்க்கெல் வழக்கின் பதிலைப் பார்க்கவும்’ என்று எழுதினாலே போதும், வக்கீல்களுக்குப் புரியும். ஆதாரக் கோப்பு மேஜைமேல் இருந்ததால்தான் அப்படி எழுத முடிந்தது என்பதை மறந்து இதை நகல் எடுக்கக் கூடாது.

2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் அவதூறுச் சட்டம் நிலைமையைக் கொஞ்சம் இலகுவாக்கியது. நற்பெயருக்குக் கடுமையான பாதிப்பு என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். நேர்மையான கருத்து, பொதுநலன் இரண்டும் எழுத்தில் உள்ள தற்காப்புகள். ‘கருத்து’ தற்காப்பு வேண்டுமென்றால், எந்த உண்மையை வைத்து அந்தக் கருத்து என்று கட்டுரையிலேயே கோடிகாட்டியிருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் ஒரு பத்தியில் எந்த வாக்கியத்தோடு தகவல் முடிந்து கருத்து தொடங்குகிறது என்று பென்சிலால் கோடு போடலாம்.

இதை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இங்கிலாந்தில் கிரிமினல் அவதூறு 2010 ஜனவரியோடு ஒழிந்தது. இந்தியாவில் 2016-இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. அதைத் தவிர சட்டமன்ற உரிமை மீறல் என்று ஒன்று இருக்கிறது. 1987-இல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் திருடர்களோடு ஒப்பிட்ட ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதில் ஓரிரு நாளில் விட்டார்கள். பின்னர் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த ஜோக்கில் யார் பெயரும் கிடையாது.

அங்கேயும் எல்லாம் ரோஜா இல்லை. 2025 ஜூலையில் லீட்ஸ் நகரில் ஒருவர், தடை செய்யப்பட்ட ‘பாலஸ்தீன் ஆக்ஷன்’ அமைப்பைப் பற்றிப் பிரைவேட் ஐ-யில் வந்த ஒரு கேலித் துணுக்கை அட்டையில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதற்காகப் பயங்கரவாதச் சட்டத்தில் கைதானார். பிறகு நடவடிக்கை இல்லை என்று விட்டுவிட்டார்கள். கடையில் விற்கிற இதழில் இருந்தால் சட்டப்படி சரி, அதே வரி தெருவில் கையில் இருந்தால் கைது.

2023 அக்டோபர் அட்டையையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். படமே இல்லாத அட்டை, வெறும் எழுத்து. ‘எச்சரிக்கை’ என்று தலைப்பு. இந்த இதழில் இஸ்ரேல் அரசைப் பற்றிக் கொஞ்சம் விமர்சனம் இருக்கலாம். ஹமாஸின் கொடுமைகளுக்குப் பழிவாங்கக் காசாவில் எல்லோரையும் கொல்வது மத்தியக் கிழக்கின் சிக்கல்களுக்கு நீண்டகாலத்தில் நல்ல தீர்வாக இருக்காமல் போகலாம் என்றும் அது சொல்லலாம். பிஸ்கட் பாக்கெட்டில் ‘கொட்டைப் பருப்பு இருக்கலாம்’ என்று போடும் நடை. வாக்கியம் முழுக்க ‘லாம்’, ‘லாம்’. பேசவே அஞ்சும் சூழலைப் பேசவே அஞ்சுகிற நடையில் எழுதி, ஹமாஸ் செய்ததையும் பெயர் சொல்லி, சொல்ல வந்ததையும் மிச்சமில்லாமல் சொல்லிவிட்டார்கள். அறுபது ஆண்டுப் பயிற்சி இல்லாமல் இப்படி ஒரு வாக்கியம் வராது.

குறைகள்

நிறைய இருக்கின்றன. முதல் மூன்று இதழ்களில் பாதி புரியாது. மறைந்த ராணி எலிசபெத் ‘பிரெண்டா’, போலீஸ் ‘இன்ஸ்பெக்டர் நேக்கர்’, அச்சுப்பிழைக்குப் பேர்போன கார்டியன் நாளிதழ் ‘குரோனியட்’, இல்லாத முதலாளி ‘லார்ட் நோம்’, இல்லாத வக்கீல் கம்பெனி ‘சூ, கிராபிட் அண்ட் ரன்’ (வழக்குப் போடு, பறி, ஓடு). இவற்றுக்கு இதழ் எங்கும் அகராதி தராது. நிறுவியவர்கள் ஷ்ரூஸ்பரி என்ற தனியார் உறைவிடப் பள்ளியின் தோழர்கள். அந்த மாணவர் விடுதி நெடி இன்னும் நகைச்சுவையில் அடிக்கிறது. பெயரை வைத்துக் கேலி, உருவத்தை வைத்துக் கேலி, இதெல்லாம் எப்போதும் ரசிக்கும்படி இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியால் ஆட்டிசம் வரலாம் என்ற ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 ஆய்வைப் பிரைவேட் ஐ நீண்ட நாள் தூக்கிப் பிடித்தது. 2002-இல் சிறப்பறிக்கைகூடப் போட்டது. அந்த ஆய்வை வெளியிட்ட மருத்துவ இதழ் ‘லான்செட்’ கட்டுரையை 2010 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. தாங்கள் தவறாக எழுதினோம் என்று இதழின் மருத்துவப் பத்தியே பிறகு ஒப்புக்கொண்டது. எப்படி நடந்தது? அரசும் மருத்துவத் துறையும் சேர்ந்து ஒன்றை மறுத்தால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்ற மூக்குதான் இந்த இதழின் முதலீடு. பிரிஸ்டலிலும் தபால் நிலையத்திலும் அதே மூக்கு சரியாக மோப்பம் பிடித்தது. ஆனால் ஆய்வுத் தரவை மூக்கால் சோதிக்க முடியாது. அறிவியல் செய்தி என்றால் இதழைத் தனி ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாங்குவது பற்றி. பிரிட்டனில் இருப்பவர்கள் ரயில் நிலையக் கடையில் ஒரு பிரதி வாங்கிப் பார்த்துவிட்டுச் சந்தாவுக்குப் போகலாம். ஆண்டுச் சந்தா தனிப் பிரதியைவிட மலிவு. வெளிநாட்டுச் சந்தா உண்டு. தபாலில் தாமதமாக வரும், அதற்குள் அட்டை நகைச்சுவை ஆறிப்போயிருக்கும், பின்பக்கங்கள் ஆறாது. அரசியல் தலைப்புகளை மட்டும் ருசி பார்க்க 2015-இலிருந்து வரும் ‘பேஜ் 94’ பாட்காஸ்டை இலவசமாகக் கேட்டுப் பாருங்கள், கட்டுரை எழுதியவர்களே வந்து எப்படி விசாரித்தோம் என்று சொல்வார்கள். பெயர்க்காரணம்: பாதியில் வெட்டப்படும் போலிச் செய்திகளின் கீழே ‘தொடர்ச்சி 94-ஆம் பக்கம்’ என்று இருக்கும். புரட்டித் தேட வேண்டாம், இதழில் அப்படி ஒரு பக்கம் கிடையாது.